நீலகிரியில் முதல் பிக்கப்: இறக்கத்தை மனதில் வைத்து வண்டி எடுப்பது எப்படி?

கேரட்டுக்கும் பூண்டுக்கும் நல்ல விலை கிடைத்த வருஷம் முடிந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் புது பிக்கப்புகள் வந்து நிற்க ஆரம்பிக்கும். வாடகை வண்டிக்காக எத்தனை நாள் காத்திருப்பது, சொந்தமாக ஒன்று இருந்தால் நம் மூட்டையும் போகும், பக்கத்துத் தோட்டத்து மூட்டையும் போகும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "லோடோடு நல்லா இழுக்குமா?" என்பதைத்தான். இங்கே பெரிய லோடு போவது கீழ்நோக்கி. தோட்டத்திலிருந்து கேரட் கழுவும் இடத்துக்கு, அங்கிருந்து குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையம் மண்டிக்கு. ஏறும்போது கோழி எரு, உரம், விதைக் கிழங்கு என்று ஏதாவது வரும். பாதி நாள் காலியாகவே வரும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, லோடோடு இந்த வண்டி நிதானமாக இறங்குமா என்பதுதான். இழுக்கும் சக்தி கொஞ்சம் குறைந்தால் நேரம்தான் வீணாகும். பிரேக் குறைந்தால் என்ன ஆகும் என்று குன்னூர்ச் சாலையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷோரூமுக்குப் போகும் முன்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒரு நடைக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்? எந்தச் சாலையில், எதுவரை இறங்குவீர்கள்? தார்ச்சாலையை விட்டு எவ்வளவு தூரம் தோட்டத்துக்குள் வண்டி போக வேண்டும்?

கிலோவை எழுதும்போது மனசாட்சியோடு எழுதுங்கள். கழுவிய கேரட் மூட்டை தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை போடும். வடிய விடாமல் ஏற்றினால் அந்த எடையும் உங்கள் பிரேக்கின் மேல்தான். முட்டைக்கோஸ் இடத்தை அடைக்கும், எடை அந்த அளவுக்கு வராது. பச்சைத் தேயிலை வேறு ரகம்: எடை குறைவு, இடம் நிறைய வேண்டும், அமுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். ஆக, இலை மட்டுமே ஏற்றுபவருக்குப் பெரிய எஞ்சினைவிட உயரமான, காற்றோட்டமான கூண்டு முக்கியம். கிழங்கும் கேரட்டும் ஏற்றுபவருக்கு நேர்மாறு.

இறக்கம் என்றால் எவ்வளவு?

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். சுமார் 35 கி.மீ. சாலையில் 1,500 மீட்டர் இறங்குகிறோம். லோடோடு சேர்த்து 3 டன் உள்ள ஒரு வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான டீசலை எரித்த சூட்டுக்குச் சமம். 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. எஞ்சினையும் காற்றையும் ஒதுக்கிவிட்டு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அத்தனையும் நான்கு சக்கரத்துக்குள் இருக்கும் கையளவு லைனர்களில்தான் (பிரேக்கில் உரசித் தேயும் பட்டைகள்) இறங்க வேண்டும்.

சூடான லைனருக்குப் பிடிமானம் குறையும். இது முதல் கட்டம். கருகும் நாற்றம் வரும், பெடலை இன்னும் அழுத்தத் தோன்றும். அடுத்த கட்டம் மோசமானது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. சூடு அந்த அளவைத் தொட்டதும் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. பெடல் தரைவரை போய்விடும். வருஷத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் வண்டியின் கையேடு டாட் 4-ஐ அனுமதித்தால் அதையே போடுங்கள். எஞ்சின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் ஆட்கள் இதற்குக் காட்டுவதில்லை.

எந்த வண்டி?

சந்தையில் இருப்பவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம்.

ஒன்று, குட்டி யானை வகை. டாட்டா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்றவை. முக்கால் டன் அளவுக்கு ஏற்றலாம். ஊட்டி, குன்னூர் டவுனுக்குள் கடைக்கு சாமான் போடவும், ஹட்டிச் (படுகர் ஊர்) சந்துகளில் திரும்பவும் இவற்றை அடிக்க ஆள் இல்லை. பழைய டீசல் ஏஸ் இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், டர்போ கிடையாது. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. மேடு ஏறும்போது பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிடும், பரவாயில்லை. ஆனால் முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் அடுக்கி, குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் இறங்குபவர்களைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வண்டியின் மேல் குற்றமில்லை. அதன் டிரம்மும் (லைனர் உரசிப் பிடிக்கும், சக்கரத்தோடு சுற்றும் உருளை) லைனரும் அந்த எடைக்குச் செய்யப்படவில்லை.

இரண்டாவது, ஒன்று முதல் ஒன்றரை, ஒன்றே முக்கால் டன் வரை ஏற்றும் பிக்கப்புகள். மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாட்டா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த், இசுசு டி-மேக்ஸ். மண்டிக்கு இறங்குபவர் இந்தக் கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பொலேரோவுக்கு இரண்டரை லிட்டர் எஞ்சின், யோதாவுக்கு 2.2 லிட்டர், தோஸ்துக்கு மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர். பெரிய எஞ்சினுக்கு இறக்கத்தில் ஒரு லாபம் உண்டு: சின்ன கியரில் போட்டுக் காலை எடுத்தால் வண்டியை நன்றாகப் பிடித்து வைக்கும். எடைகுறைவு, திருப்பம் எளிது, டீசல் மிச்சம் என்று பார்த்தால் தோஸ்த் வகை. என்னைக் கேட்டால், கேத்தி, முத்தோரை பாலாடா மாதிரி இடத்திலிருந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் மேட்டுப்பாளையம் இறங்குபவருக்குப் பெரிய எஞ்சின். கோத்தகிரிப் பக்கம் இலையும் கொஞ்சம் காய்கறியும் என்று இருப்பவருக்குத் தோஸ்த் போதும். எதை எடுத்தாலும் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் எடுக்காதீர்கள். லோடோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்த்தால் தோள்பட்டை காரணம் சொல்லும்.

பாடி நீளம் பற்றி ஒரு வார்த்தை. 9 அடி, 10 அடித் தொட்டி ஷோரூமில் ஆசையாகத்தான் இருக்கும். உங்கள் ஹட்டியின் கடைசித் திருப்பத்தில் அது ஒரே மூச்சில் திரும்புமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யாராவது தெரிந்தவரின் நீள வண்டியை ஒருமுறை வீடுவரை வரச் சொன்னாலே தெரிந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எல்லோருக்கும் தேவையில்லை. மழைக்காலத்தில் களிமண் பாதையில் தோட்டத்துக்குள் போயே ஆக வேண்டும் என்பவருக்கு அது வரம். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பக் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் உள்ளே கியர்கள் முறுக்கிக்கொள்ளும். அது வண்டியை நிறுத்தவும் உதவாது. இரண்டு சக்கரம் இழுத்தாலும் நான்கு சக்கரம் இழுத்தாலும் பிரேக் பிடிப்பது அதே நான்கு சக்கரத்தில்தான்.

மின்சார வண்டி பற்றி இப்போது பலர் கேட்கிறார்கள். இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்பது மலைக்கு ரொம்பப் பொருத்தமான விஷயம். ஒன்றே ஒன்று: மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினால், வரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டாரின் பிடியும் குறைந்துவிடும். கொஞ்சம் காலியாக வைத்துக் கிளம்ப வேண்டும்.

பழைய வண்டி என்றால்

காலை குளிரில் போய்ப் பாருங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிரில் எடுக்கத் திணறும் எஞ்சின், மதியத்தில் சமர்த்தாக எடுக்கும்.

சக்கரம் ஒன்றைக் கழற்றி டிரம்மைப் பார்க்கச் சொல்வது அவசியம். உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தாலோ மெல்லிய வெடிப்புகள் இருந்தாலோ அது நிறையச் சூடு கண்ட வண்டி. பிறகு தொட்டியின் அடிப்பக்கம். கேரட் ஏற்றிய வண்டியென்றால் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தகடும் குறுக்குச் சட்டங்களும் துருவேறியிருக்கும். தகட்டை மாற்றிவிடலாம், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) வெல்டிங் வைத்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடைசியாக, சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். காலை பெடலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். "அதெல்லாம் யாருங்க யூஸ் பண்றா, கட்டை போட்டா போச்சு" என்று விற்பவர் சொன்னால், விலையைக் குறைக்க நல்ல இடம் அது.

ஸ்பிரிங் பட்டை ஏற்றலாமா?

புது வண்டி வந்த வாரமே பட்டறைக்கு ஓட்டிப்போய்ப் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போடுவது இங்கே ஒரு சடங்கு. "பின்னாடி உட்காராது, தைரியமா ஏத்தலாம்" என்பார்கள். இதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

பின் ஆக்சிலுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சின்ன வால்வு பொருத்தியிருப்பார்கள் பல பிக்கப்புகளில். அதிலிருந்து மெல்லிய ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். குனிந்து டார்ச் அடித்தால் தெரியும். லோடு ஏறியதும் தொட்டி கீழே இறங்கும், கம்பி நகரும், லோடு இருக்கிறது என்று புரிந்துகொண்டு வால்வு பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் தொட்டி உயர்ந்திருக்கும். பின் சக்கரம் வழுக்கிப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது கூடுதல் பட்டை போட்டால் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏற்றியும் தொட்டி இறங்காது. வண்டி காலி என்றே வால்வு நினைக்கும். லோடு முழுக்க இருக்க, பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், முன் டிஸ்க் மட்டும் கொதிக்கும். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், அந்தக் கம்பியை மறுபடி அளவு வைக்கத் தெரிந்த இடத்தில் செய்யுங்கள். போடாமல், வண்டிக்கு எழுதியிருக்கும் எடையை ஏற்றுவது அதைவிட எளிது.

எடை மீறினால் அபராதமும் சின்னதில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

தொட்டியும் கட்டுதலும்

தொட்டியின் தரையில் தகட்டுக்கு மேல் பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வெளியேற மூலைகளில் துளை இருக்கட்டும், துளை பின் சக்கரத்துக்கு நேர்மேலே வேண்டாம். கேபினுக்குப் பின்னால் உறுதியான கம்பித் தடுப்பு கட்டாயம். இறக்கத்தில் பிரேக் போடும்போது மூட்டை முழுக்க முன்னால்தான் வரப் பார்க்கும், உங்கள் முதுகு அங்கேதான் இருக்கிறது. கனமான மூட்டையைக் கீழே, தொட்டியின் முன்பாதியில் அடுக்குங்கள்; லேசானது மேலே. உயரமாக அடுக்கிய வண்டி நேர்ச்சாலையில் கம்பீரமாகப் போகும், கொண்டை ஊசியில் சாயும்.

கயிறு கட்ட இரண்டு பக்கமும் கொக்கிகளை நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பாடி கட்டுபவர்கள் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். தார்ப்பாயை நல்ல கனத்தில் ஒன்று வாங்குங்கள். வருஷத்துக்கு மூன்று மலிவுத் தார்ப்பாய் கிழிவதைப் பார்த்தால் அதுதான் லாபம்.

கூலி ஆட்களைத் தொட்டியில் ஏற்றிப் போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். சட்டப்படி கூடாது, விபத்து நடந்தால் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பணமும் சிக்கல். தினம் நான்கு பேரைக் கூட்டிப்போக வேண்டிய தோட்டமென்றால், பின் சீட்டோடு வரும் இரட்டைக் கேபின் வண்டியைப் பாருங்கள். தொட்டி சின்னதாகும், ஆனால் ஆட்கள் மழையில் நனையாமல், சட்டத்துக்கு உட்பட்டு வருவார்கள்.

டயர்

முன்னால் ரிப் டயர் (நீளவாக்கில் கோடு போட்டது), பின்னால் பட்டன் டயர் (கட்டை கட்டையாகப் பிடிமானம் உள்ளது). மண்பாதையும் தார்ச்சாலையும் கலந்து ஓடுபவருக்கு இதுவே போதும். ரீபட்டன் செய்த (தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டிய) டயரை முன்னால் மாட்டவே மாட்டாதீர்கள். டயரின் பள்ளம் 1.6 மி.மீ. ஆழம் வரை தேய சட்டம் அனுமதிக்கிறது. ஜூன் பிறந்து மழை பிடித்தபின் 3 மி.மீ.க்குக் கீழே போன டயரோடு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. காற்று அழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும்.

காலி பிக்கப்பின் பின்பக்கம் மிகவும் லேசு. மழைத் தூறலில் காலியாக வரும் வண்டிதான் சறுக்கும். களிமண் மேட்டில் பின் சக்கரம் வீணாகச் சுற்றினால், ஆக்சிலுக்கு நேர்மேலே இரண்டு மூன்று மண் மூட்டை போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகக் கட்டுங்கள்.

மூடுபனி, உறைபனி, வெளிச்சம்

மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போதும். பம்பருக்குக் கீழே தாழ்வாக, மஞ்சள் நிறத்தில் இரண்டு ஃபாக் லைட் இருந்தால் சாலையின் ஓரக்கோடு தெரியும். கேபினுக்கு மேலே எல்.இ.டி. பட்டை மாட்டுவது இப்போது ஃபேஷன். எதிரில் வருபவரைக் குருடாக்கி, அவர் நம்மீது வந்து மோதுவதற்கு நாமே காசு கொடுத்து ஏற்பாடு செய்வது அது. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டியிருக்கும் பளபளப்பு டேப்பைச் சேறு படியாமல் துடைத்து வையுங்கள். தார்ப்பாய் தொங்கி அதை மறைக்கக் கூடாது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி மாதிரியான தாழ்வான இடங்களில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். அதனால் கொஞ்சம் மேட்டில் நிறுத்தினாலே கண்ணாடி உறைவது குறையும். ராத்திரி முன்கண்ணாடியின் மேல் ஒரு சாக்கு விரித்துவிடுங்கள். காலையில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் போல ஒரு விளக்கு எரியும். அது அணைந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

முன்னால் பிளேடு மாட்டி மண் தள்ளலாமா?

மழைக்காலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கனடாவிலோ அமெரிக்காவிலோ பிக்கப்பின் முன்னால் பெரிய இரும்புத் தகடு மாட்டி வீட்டுவாசல் பனியைத் தள்ளும் வீடியோவைப் பார்த்துவிட்டு, தோட்டப் பாதையில் சரிந்த மண்ணையும் அப்படியே தள்ளிவிடலாமே என்று கேட்கிறார்கள். ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது: நீலகிரியில் ஜே.சி.பி., பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பத்து கூடை மண்ணுக்காக அதற்கு யார் அலைவது?

அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இங்கே ஏன் கூடாது என்பது தெரியும். பனி பிளேடு சில நூறு கிலோ இரும்பு. அது முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குவதால், நெம்புகோல் போலச் சொந்த எடையைவிட அதிகமாக முன் ஆக்சிலை அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கும். அதனால் அங்கே பிளேடு வாங்குபவர் முதலில் பார்ப்பது வண்டியின் முன் ஆக்சில் எவ்வளவு எடை தாங்கும் என்பதை. அதற்கென்றே கனமான முன் ஸ்பிரிங், பெரிய ஆல்டர்னேட்டர் போட்டுத் தொழிற்சாலையிலிருந்தே தயாராக வரும் பிக்கப்புகள் உண்டு. தொட்டியில் பின் ஆக்சிலுக்குப் பின்னால் எதிர் எடை வைப்பார்கள். மறைந்திருக்கும் கல்லில் தட்டினால் பிளேடு மடங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்.

இத்தனையும் பனிக்கு. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவில்தான் இருக்கும், பல நேரம் அதைவிடக் குறைவு. மழையில் ஊறிய நம் செம்மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல். உள்ளே கல்லும் வேரும் வேறு. நம் பிக்கப்பின் முன் சஸ்பென்ஷன் அதற்குச் செய்யப்பட்டதே இல்லை. கிளட்ச் முதலில் போகும், அப்புறம் சேஸிஸின் முன்முனை வளையும். வண்டியின் வடிவத்தை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடிக்கும்; முன்னால் மாட்டும் புல் பார் கம்பிகளையே 2017 டிசம்பரில் மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. கொஞ்சம் மண் என்றால் மண்வெட்டியும் நாலு ஆளும். நிறைய மண் என்றால் அனுமதி வாங்கி இயந்திரம். சரிந்த மண்ணை அடியில் சுரண்டினால் மேலே இருப்பதும் இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

மரக்கட்டை இரண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஆப்பு வடிவில் செதுக்கியது. கல்லைத் தேடி ஓடும் நேரத்தில் வண்டி நகர்ந்துவிடும். கல்லை வைத்தவர்கள் அதைச் சாலையிலேயே விட்டுப் போவதும் இன்னொருவர் உயிருக்கு வினை. ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு பலகை (ஈரமண்ணில் ஜாக்கி புதையும்). காற்று உள்ள ஸ்டெப்னி, இழுவைக் கயிறு, அரிவாள், மண்வெட்டி, டார்ச், நான்கு பழைய சணல் சாக்கு. சேற்றில் சுற்றும் சக்கரத்துக்கு அடியில் சாக்கைத் திணித்தால் போதும், பல நேரம் வெளியே வந்துவிடும். சாலையில் விழுந்த கற்பூர மரக் கிளையை அரிவாளே பார்த்துக்கொள்ளும். மரமே விழுந்திருந்தால் தீயணைப்புத் துறை.

காகிதம்

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, ஆர்.சி.யில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. (தகுதிச் சான்று) எட்டு வருஷம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

கோவையிலோ ஈரோட்டிலோ பழைய வண்டி வாங்கினால் பதிவை டி.என். 43-க்கு (நீலகிரிப் பதிவு) மாற்றிக்கொள்வது நல்லது. 2024 மே 7 முதல் வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். உள்ளூர்ப் பதிவு வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையில் இறங்க விடுவதும் உள்ளூர் வண்டியைத்தான். கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் சரக்கு கொண்டுபோகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

முதல் சில நடைகள்

பாதி லோடோடு தொடங்குங்கள், பகலில், வெயில் இருக்கும்போது. பக்கத்தில் பழகிய டிரைவர் ஒருவரை உட்கார வையுங்கள். ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது பழைய விதி, இன்றைக்கும் சரியான விதி; செங்குத்தான இடத்தில் இரண்டாவது. கியரை இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள், பாதி இறக்கத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவரோடு சேராதீர்கள். காலைப் பெடலில் வைத்தபடியே தேய்த்துக்கொண்டு வருவதைவிட, வேகம் கூடும்போது அழுத்தமாகப் பிடித்துக் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிடுங்கள். இடைவெளியில் டிரம் ஆறும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவரின் கடமை, சட்டமும் அதையே சொல்கிறது.

பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தும் பழைய லாரி டிரைவர்களைக் கவனியுங்கள். கிளாஸைக் கையில் வாங்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோவார்கள், தொட மாட்டார்கள். நான்கும் ஒரே அளவில் சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அது வேலையே செய்யவில்லை. இரண்டுமே மெக்கானிக்கிடம் போக வேண்டிய சமாச்சாரம். சூடாக இருக்கும் டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். கருகும் நாற்றம் வந்தால் அரை மணி நேரமாவது நிறுத்திவைத்து, தானாக ஆற விடுங்கள். கல்லாறு, பர்லியார் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும் என்பதால், அப்படி நிற்பதற்குக் கடைகள் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முழு லோடு இறக்கி முடித்த அன்றே சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பிரேக் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள்.